கடைசியாகக் கூப்பிட்ட பெயர்

"உனக்குக் கை தட்டவாவது வருமா?" என்று குருவி ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

அப்போது நான் கிடங்கின் பின்சுவருக்கு எதிரே, கோட்டின் மேல் நின்றிருந்தேன். மூன்று முறை பந்தை எறிந்திருந்தேன். மூன்று முறையும் பந்து சுவரில் நன்றாகத்தான் பட்டது, நன்றாகத்தான் திரும்பியது. பிடிக்கத்தான் யாரும் ஓடவில்லை. எறிந்த கையோடு ஒரு பெயரைக் கத்த வேண்டும், அந்தப் பெயருக்கு உரியவள் ஓட வேண்டும், அதுதான் ஆட்டம். எனக்குப் பெயர் தொண்டை வரை வந்தது. வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கூப்பிடாமல் நின்றால் யார் ஓடுவது, சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதா என்று வாத்து கேட்டாள். ஊசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குருவி சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு முறை தட்டிக் காட்டினேன்.

"போதும். இனிமே அதான் உன் வாய்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் சுவர்ப்பந்தில் எனக்கு மட்டும் தனிச் சட்டம்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே கட்டடத்துக்காரர்கள். குருவி எங்கள் தலைக்கு மேல் மூன்றாம் மாடி. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். படிக்கட்டில் அவள் இறங்கி வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். வாத்துக்கு நடையால் வந்த பெயர். ஊசி தையல்காரரின் மகள். ஆளும் அப்படித்தான், பக்கவாட்டில் நின்றால் காணாமல் போய்விடுவாள். என்னைக் கோட்டான் என்பார்கள். ஊமைக்கோட்டான் என்று ஆரம்பித்து, பழகப் பழக முன்பாதி உதிர்ந்துவிட்டது. பந்துக்குக்கூட ஒரு பெயர் உண்டு. மேலே இருந்த மஞ்சள் ரோமமெல்லாம் தேய்ந்து போன பழைய டென்னிஸ் பந்து அது. அதன் பெயர் மொட்டை.

சுவர்ப்பந்து ஆட ஜன்னல் இல்லாத ஒரு சுவர் வேண்டும். எங்களுக்குப் பெயிண்ட் கிடங்கின் பின்சுவர் கிடைத்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சாக்கட்டிக் கோடு. பந்து அதற்கு மேலே பட வேண்டும். தரையில் பத்து எட்டு தள்ளி இன்னொரு கோடு. எறிபவள் அதைத் தாண்டக் கூடாது. இரண்டு கட்சி, கட்சிக்கு நான்கு பேர். ஒருத்தி எறிய வேண்டும், அவள் கூப்பிடுகிறவள் ஓடிப் பிடிக்க வேண்டும். தரையில் ஒரு குதி வரை மன்னிப்பு உண்டு, இரண்டாவது குதித்தால் பந்து செத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கே வந்து மறிக்கலாம். தள்ளக் கூடாது, நிற்கலாம். யாரை மறிப்பது என்பது பெயர் கேட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். அந்த அரை நொடிதான் ஆட்டமே.

இன்னொன்றும் உண்டு. பந்து தரையைத் தொடும் வரை கூப்பிட்டதை மாற்றலாம். கடைசியாகக் கூப்பிட்ட பெயர்தான் செல்லும். கெட்டிக்காரர்கள் முதலில் ஒருத்தியைக் கூப்பிட்டு, எல்லோரும் அவளை மறிக்க ஓடியதும் இன்னொருத்தியைக் கூப்பிடுவார்கள். குருவி அதில் புலி. எனக்கு அது ஆகாது. கைதட்டலை மாற்றினால் எண்ணிக்கை குழம்பிவிடும்.

என் கைதட்டலுக்குக் கணக்குப் போட்டுத் தந்ததும் குருவிதான். வரிசை இது: குருவி, வாத்து, ஊசி. ஒரு தட்டு என்றால் குருவி ஓட வேண்டும், இரண்டு என்றால் வாத்து, மூன்று என்றால் ஊசி. நான் எறிந்த பந்து ஒரு முறை செத்துவிட்டால் வரிசை ஓரிடம் நகரும். அப்போது ஒரு தட்டு வாத்துக்குப் போகும், இரண்டு ஊசிக்கு, மூன்று குருவிக்கு. மறுபடி செத்தால் மறுபடி நகரும். வாத்துக்கு இதை மனப்பாடம் செய்யப் பத்து நாள் ஆயிற்று. அவள் சாப்பிடும்போதுகூட விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள் என்று அவள் அம்மா எங்கள் வீட்டில் வந்து சொன்னார்கள்.

எதிரே மஞ்சள் கட்டடத்துப் பெண்கள் ஆட வந்தபோது, பெயர் சொல்லாமல் கை தட்டினால் எப்படி என்று முதலில் சண்டை பிடித்தார்கள். குருவி அவர்களைத் தனியே அழைத்துப்போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்களுடைய கேப்டன், மருந்துக்கடைக்காரரின் மகள், சரி பாவம் தட்டட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். அந்தப் பாவத்தை வைத்து நாங்கள் அந்தக் கோடை முழுவதும் அவர்களைத் தோற்கடித்தோம். நான் தட்டுவேன், அவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள், எங்களில் ஒருத்தி ஓடிப்போய்ப் பிடித்துவிடுவாள். எறிவதில் நான் கெட்டி. எத்தனை முறை எறிந்தாலும் ஒரே செங்கல்லில் படும். ஆகவே என்னையே நிரந்தரமாக எறிய வைத்தார்கள்.

எனக்கு அந்த ஆட்டம் ஒரு மணி நேரம்தான். ஐந்திலிருந்து ஆறு.

ஒன்பதாம் வகுப்பு பாதியில் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். இரண்டு முறை கத்தி வைத்தார்கள். எழுந்து உட்கார ஒருவர் பிடிக்க வேண்டும், திரும்பிப் படுக்க ஒருவர் வேண்டும். அப்பா பஸ் ஓட்டுகிறார், வீடு திரும்ப ஒன்பதாகும். ஒரு மாதம் லீவு போடு என்றார்கள். மாதம் வருடமாயிற்று. பிறகு யாரும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பகலில் ஊசியின் அப்பா தைத்து அனுப்பும் சட்டைகளுக்குப் பித்தான் வைப்பேன். சட்டைக்கு ஏழு, கைக்கு இரண்டு, காலர் உள்பக்கம் உதிரியாக ஒன்று. அம்மா படுத்தபடியே நூலை ஊசியில் கோத்துத் தருவாள். "உன் வாய யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கியாடி, ஒரு வார்த்தை பேசேன்" என்பாள்.

சித்தி பேக்கரியில் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவாள். மேலெல்லாம் மாவு வாசனை. ஆறு மணிக்கு அவள் தன் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போக வேண்டும். இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் அம்மாவின் பக்கத்தில் அவள் உட்காருவாள். "ஓடு, உன் காலு பறக்குது பாரு" என்பாள். நான் செருப்பு மாட்டுவதற்குள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்கக் கேட்பாள். அங்கிருந்து பார்த்தால் சுவரின் ஒரு மூலை தெரியும்.

நான் எழுதுகிற நோட்டுகளைப் பற்றிக் குருவிக்கு மட்டும்தான் தெரியும். தையல்கடையில் தீர்ந்துபோன ஆர்டர் புத்தகங்களின் பின்பக்கம்தான் என் நோட்டு. துண்டுத்துணிப் பைக்கு அடியில் வைத்திருந்தேன். குருவி ஒரு நாள் பொம்மைக்குத் துணி தேடுகிறேன் என்று கையை விட்டு எடுத்துவிட்டாள். நான் பறிக்கப் பாய்ந்தேன். அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று இரண்டு பக்கம் படித்தாள். பிறகு மூடி அதே இடத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவும் இல்லை. அந்த அளவுக்கு அவளை நம்பலாம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு சுவருக்குத் தகராறு வந்தது. கிடங்கின் லாரிகள் ஐந்து மணிக்குக் கிளம்பும், ஏழு மணிக்குத் திரும்பும். இடையில் முற்றம் காலி. மஞ்சள் கட்டடத்துக்காரர்களுக்கு ஆறு மணிக்கு டியூஷன், அதனால் ஐந்திலிருந்து ஆறு தங்களுக்கு வேண்டும் என்றார்கள். நாங்களும் அதையே கேட்டோம். ஒரு வாரம் சுவரைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஆடினோம். இரண்டு பந்தும் முட்டிக்கொண்டு, எல்லோரும் கத்திக்கொண்டு, கிடங்கு வாட்ச்மேனுக்குத் தலைவலி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியை நடு முற்றத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். வருகிற சனிக்கிழமை இரண்டு கட்சியும் ஆட வேண்டும். முதலில் ஐந்து பிடி பிடிக்கிற கட்சிக்கு ஐந்து மணி. தோற்றவர்களுக்கு ஆறு மணி. அதற்கு மேல் வாயைத் திறந்தால் யாருக்கும் சுவர் இல்லை.

வாத்து, ஆறு மணியானாலும் என்ன, வெயில் தாழ்ந்து சுகமாகத்தான் இருக்கும் என்றாள். அவளுக்குச் சரிதான். ஊசிக்கும் சரிதான். ஆறு மணிக்குச் சித்தி போய்விடுவாள் என்பது அவர்களுக்கு நினைவில்லை. குருவிக்கு இருந்தது. படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத. உன் அஞ்சு மணிய எவளும் தொட முடியாது" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை, சித்தி வந்ததும் நான் கிளம்பவில்லை. குருவி வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் டீச்சர் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள்: நண்பர்களோடு வெளியில் விளையாடும் ஒரு பந்து விளையாட்டை எப்படி ஆடுவது என்று விளக்குக, இரண்டு பக்கம், நாளைக்குள். குருவிக்குப் பேச வரும், எழுத வராது. மூன்று வரி எழுதி நான்கு வரி அடித்திருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேனாவை மட்டும் என் பக்கம் உருட்டிவிட்டாள்.

நான் ஒரே மூச்சில் எழுதினேன். இவ்வளவு நாளாக மனத்தில் கிடந்த ஆட்டம்தானே. சுவர், கோடு, மொட்டை, மறிப்பது, மாற்றிக் கூப்பிடுவது எல்லாம் வந்தது. எழுதுகிற வேகத்தில் கைதட்டலும் வந்துவிட்டது. ஒன்று இரண்டு மூன்று, வரிசை நகர்வது, எல்லாம். கத்தத் தெரியாத ஒரு பெண் இருந்தாள், அவளுக்காக அவள் தோழி ஒரு சட்டம் செய்தாள் என்று எழுதினேன். "அவள் கை தட்டும்போது எங்கள் பெயர்கள் எங்களுக்கு மட்டும் கேட்கும்" என்று ஒரு வரி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒருத்தியின் கட்டுரை என்பதால் குருவி எழுதுவது போலவே எழுதினேன். அதாவது என்னைப் பற்றி நானே, அவள் வாயால்.

குருவி படித்துவிட்டு, முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மருந்துக்கடைக்காரரின் மகள் அவள் வகுப்பில்தான் படிக்கிறாள். குருவி அதைத் தன் நோட்டில் பார்த்து எழுத ஆரம்பித்தபோது நான் அந்தப் பத்தியின் மேல் விரலை வைத்தேன்.

"இத மட்டும் விட்டுடு" என்றேன், அவளிடம் மட்டும் எனக்கு வருகிற முணுமுணுப்புக் குரலில்.

"எனக்குத் தெரியாதாடி? சத்தியமா விட்டுடறேன். இவ்வளவும் எழுதினா என் கைதான் ஒடியும்."

செவ்வாய்க்கிழமை வந்தாள். கட்டுரை என்ன ஆயிற்று என்று ஜாடையாகக் கேட்டேன். டீச்சர் கட்டு மொத்தத்தையும் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்கள், திருத்த ஒரு மாதமாகும் என்றாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சாயங்காலம் பயிற்சி எடுத்தோம். வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். என் எறியைப் புகழ்ந்தாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் குடிக்கும்போது, ஒருவேளை நாளைக்கு வேறு யாராவது எறிந்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டாள். வாத்து அவளை ஏற இறங்கப் பார்த்து, வெயில் மண்டையில் ஏறிவிட்டதா என்றாள். குருவி சும்மா சொன்னேன் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை சித்தி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். ஜெயித்தால் பேக்கரியிலிருந்து கிரீம் பன் கொண்டுவருவதாகவும், தோற்றால் அதையே தான் சாப்பிட்டுவிடுவதாகவும் சொன்னாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மஞ்சள் கட்டடத்துக்காரர்கள் முதலில் எறிந்தார்கள், பிடித்தார்கள். ஒன்று. என் முறை. பந்து சுவரில் பட்டுத் திரும்பியது. இரண்டு தட்டினேன், வாத்துக்கு. வாத்து ஒரு எட்டு எடுத்து வைப்பதற்குள் அவள் முன்னால் மூன்று பேர் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து செத்தது.

அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அவர்கள் அடுத்ததையும் பிடித்தார்கள். இரண்டாவது எறியில் வரிசை நகர்ந்துவிட்டது. மூன்று தட்டினால் குருவி. மூன்றாவது தட்டு ஓயும் முன்பே அவர்கள் குருவியின் முன்னால் நின்றார்கள். மறுபடி செத்தது.

ஒன்று இரண்டு மூன்றைப் பார்த்துப் பார்த்து யாராவது கண்டுபிடிக்கலாம். வரிசை நகர்வதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; கோடை முழுவதும் முயன்றும் அவர்களால் முடியவில்லை. யாராவது சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். எங்களில் உளறுவாய் வாத்துதான். நான் அவளை முறைத்தேன். அவள் தன் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டிவிட்டுக்கொண்டாள். அந்த நிமிடம் அவளை அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என்னதான் தெரிந்தாலும் மறிப்பது அவ்வளவு சுலபமில்லை. மூன்றாவது எறிக்கு ஊசி இரண்டு பேருக்கு நடுவில் தன் பெயருக்கேற்ப நுழைந்து போய்ப் பிடித்தாள். அடுத்ததில் வாத்து யாரையும் தள்ளாமல், நிற்காமல், நேராக நடந்தாள். எதிரில் நின்றவர்களே பயந்து விலகிவிட்டார்கள். இன்னொன்று சுவரில் இருந்த குழாயின் மூட்டில் பட்டுத் திசை மாறி, யாரும் எதிர்பாராமல் குருவியின் கையிலேயே போய் விழுந்தது. இடையில் எங்களுக்கு இன்னொரு பந்து செத்து, வரிசை ஒரு சுற்று முடிந்து ஆரம்ப இடத்துக்கே வந்தது; அவர்களும் பல தடவை விட்டார்கள். மூன்றுக்கு மூன்று என்று ஆனதும் வாட்ச்மேன் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

குழாயடியில் மருந்துக்கடைக்காரரின் மகள் எனக்கு முன்னால் நின்றாள். முகம் கழுவிவிட்டு, ஈரக் கையோடு திரும்பி, என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். அவளிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

"உன்னப் பத்தி உன் ஃபிரெண்டு எவ்ளோ நல்லா எழுதியிருக்கா தெரியுமா? 'அவள் கை தட்டும்போது எங்கள் பெயர்கள் எங்களுக்கு மட்டும் கேட்கும்'னு ஒரு வரி. டீச்சர் அவளையே எழுந்து படிக்கச் சொன்னாங்க, அந்த வரிய மட்டும் ரெண்டு தடவ. டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஒண்ணு ரெண்டு மூணு நகர்றது எங்க யாருக்கும் புரியல. அவதான் போர்டுல படம் போட்டுக் காட்டினா. செம கைதட்டல் அவளுக்கு" என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன். அவ உன்கிட்ட சொல்லலையா? செவ்வாக்கிழமையே படிச்சாளே."

செவ்வாய்க்கிழமை. பீரோவில் வைத்துவிட்டார்கள் என்று என் கட்டிலில் உட்கார்ந்து, என் அம்மா கோத்து வைத்திருந்த நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னாளே, அந்தச் செவ்வாய்க்கிழமை. சட்டத்தை மாற்ற அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தது. ஒரு வார்த்தை போதும். வரிசையைத் திருப்பிப் போடலாம், ஊசியை முதலில் வைக்கலாம், ஐந்து நிமிட வேலை. சொல்லியிருந்தால், நான் எழுதியதைத் தன்னுடையதென்று எழுந்து நின்று படித்ததையும், சத்தியம் செய்துவிட்டு அந்தப் பத்தியைச் சேர்த்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கூச்சத்துக்கும் என் ஐந்து மணிக்கும் நடுவில் நான்கு நாள் நின்று யோசித்து, அவள் கூச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

திரும்பி வந்தோம். குருவி சற்றுத் தள்ளி, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அவள் செருப்பில் வார் ஒழுங்காகத்தான் இருந்தது.

அவர்கள் நான்காவதைப் பிடித்தார்கள். நான் பழக்கத்தில் எறிந்தேன், பழக்கத்தில் மூன்று தட்டினேன். ஊசி தரையோடு சறுக்கி, முழங்கால் தோல் உரிய, பந்தை ஒரு கையால் எடுத்தாள். நான்குக்கு நான்கு. அவர்கள் அடுத்ததை விட்டார்கள். இப்போது என் எறி. பிடித்தால் ஐந்து மணி என்னுடையது.

கோட்டில் நின்று மொட்டையை உருட்டிப் பார்த்தேன். அவர்கள் நான்கு பேரும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயை யாரும் பார்க்கவில்லை. என் வாயைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

எறிந்தேன். வழக்கமான செங்கல். உடனே இரண்டு தட்டினேன். நான்கு பேரும் ஒரே பாய்ச்சலாக வாத்தின் முன்னால் போய் நின்றார்கள். இந்தப் பக்கம் முழுவதும் காலியாகிவிட்டது. பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது. அது இறங்குகிற இடத்துக்கும் குருவிக்கும் நடுவில் ஒரு ஈ காக்கா இல்லை. மூன்று எட்டு வைத்தால் போதும்.

"குருவி" என்று கத்தினேன்.

என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. ஊசி வாயைப் பிளந்தாள். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மஞ்சள் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்; மறிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள்.

குருவி ஓடவில்லை. அவள் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். முதலில் பொய்யாகத் தட்டிவிட்டுப் பிறகு ஏன் கூப்பிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பந்து அவள் காலடியில் ஒரு முறை குதித்தது. அவள் கை பாதி வரை எழுந்தது. இரண்டாவது முறை குதித்தது. பிறகு மொட்டை உருண்டுபோய்ச் சாக்கடை மூடியில் நின்றது.

அடுத்த எறியில் அவர்கள் ஐந்தாவதைப் பிடித்தார்கள்.

யாரும் சண்டை போடவில்லை. வாத்து மட்டும், "நீ பேசுவியாடி? இவ்வளவு நாள் எங்கள விரல் மடக்க வெச்சியே" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, பரவாயில்லை, திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்துவிடு என்றாள். ஊசி அவளை இடுப்பில் இடித்தாள். வாத்து என்ன என்று கேட்டு, யோசித்து, மெதுவாக வாயை மூடிக்கொண்டாள். குருவி அதற்குள் முற்றத்தில் இல்லை.

சித்தி கிரீம் பன் வாங்கித்தான் வைத்திருந்தாள். நான் உள்ளே நுழைந்த மாதிரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தட்டில் வைத்தாள். அம்மா, ஜன்னல் வழியாக ஏதோ சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெண் கத்தினாள், நல்ல கணீரென்ற குரல், யார் அது என்று கேட்டாள். நான் தெரியாது என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குச் சித்தி வந்தாள். நான் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகவில்லையா என்றாள். பித்தான் பாக்கி இருக்கிறது என்று சட்டைகளைக் காட்டினேன். சுவரில் பந்து படுகிற சத்தம் கேட்டது. அவர்களுடையது புதுப் பந்து, சத்தம் வேறு. மருந்துக்கடைக்காரரின் மகள் பெயர்களைக் கத்தினாள். ஆறு மணிக்குச் சித்தி போன பிறகு மொட்டையின் சத்தம் கேட்டது. அதை எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும். கொஞ்சம் காய்ச்சல் வந்தது போன்ற மங்கிய சத்தம். இடையிடையே ஊசியின் குரலும் வாத்தின் குரலும் வந்தன. நான்காவதாக யாரைச் சேர்த்திருந்தார்கள் என்று தெரியவில்லை. குருவியின் குரல் கேட்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், சித்தி அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே யாரோ ஒரு முறை கை தட்டினார்கள்.

சித்தி யாரது என்றாள். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். குருவி நின்றிருந்தாள். பள்ளிக்கூட உடுப்பு, தோளில் பை. கையில் கட்டுரை நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள். நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் என் வாக்கியங்கள் இருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்கள்: மிக நன்று. உன் நட்பு என்னைத் தொட்டது. கைதட்டல் பத்திக்குப் பக்கத்தில் மட்டும் நீளமாக ஒரு கோடு இழுத்து, இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மேலே இருந்த தன் பெயரைக் குருவி பேனாவால் அடித்திருந்தாள். அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

"படிச்சது கூடப் பரவால்ல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "செவ்வாக்கிழமை இங்கதான உட்கார்ந்திருந்த. ஏன் சொல்லல?"

உள்ளேயிருந்து அம்மா, யாரிடம் பேசுகிறாள், நம் பெண்ணா பேசுகிறாள் என்று சித்தியைக் கேட்பது காதில் விழுந்தது.

குருவி வாயைத் திறந்தாள். நான் காத்திருந்தேன். கீழே முற்றத்தில் பந்து சுவரில் படும் சத்தம் நான்கைந்து தடவை கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு, பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பி, மாடிக்குப் போகாமல் கீழே இறங்கினாள். படிக்கட்டில் சத்தமே வராமல் இறங்கிப் போனாள்.